புனலில் சுழலும் நாணயம்: ஓர் உவமையின் எல்லைகள்

அரபுக் கல்லூரிகளில் அணியிலக்கணம் பயிலும் மாணவர் முதலில் சந்திக்கும் பாடங்களுள் ஒன்று ‘தஷ்பீஹ்’ எனப்படும் உவமை. உவமைக்கு உறுப்புகள் நான்கு. உவமிக்கப்படும் பொருள் ‘முஷப்பஹ்’. எதனோடு உவமிக்கிறோமோ அது ‘முஷப்பஹு பிஹி’. இரண்டையும் இணைக்கும் சொல் ‘அதாத்’. இரண்டிற்கும் பொதுவான பண்பு ‘வஜ்ஹுஷ் ஷபஹ்’. இந்த நான்காவது உறுப்பே உவமையின் உயிர். வீரன் ஒருவனைச் சிங்கம் என்று சொல்லும்போது துணிவு மட்டுமே பொதுப்பண்பு. பிடரியும் வாலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. 11ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி தம் அணியிலக்கண நூலில் இதனை நுணுகி ஆராய்ந்தார். நம் தொல்காப்பியமும் உவமவியல் என ஓர் இயலையே ஒதுக்கி, உவமை தொழில் பற்றியும் பயன் பற்றியும் வடிவு பற்றியும் நிறம் பற்றியும் வரும் என வகுத்துக் காட்டுகிறது.

உவமை கவிஞர்களுக்கு மட்டும் உரிய கருவியன்று. கண்ணுக்கு எட்டாத ஒன்றை விளக்க அறிவியலும் உவமையையே நாடுகிறது. அத்தகைய அறிவியல் உவமைகளுள் இன்று பரவலாகக் காணப்படுவது, புனல் வடிவிலான ஒரு விளையாட்டுக் கருவி. வாய் அகன்று, உள்நோக்கிச் செல்லச் செல்ல எக்காளத்தின் குழல்போல் குறுகும் ஒரு பெரிய கிண்ணம்; அதன் விளிம்பில் நாணயத்தை நிறுத்தி உருட்டிவிடச் சிறு சரிவுத் தடம்; நடுவில் ஒரு துளை. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவில் நன்கொடை திரட்டும் கருவியாகப் பரவிய இது, பின்னர் உலகெங்கும் அறிவியல் காட்சியகங்களிலும் வணிக வளாகங்களிலும் இடம்பெற்றது. நாணயம் உடனே துளையில் விழுவதில்லை. பல சுற்றுகள் வலம்வந்து, மெல்ல மெல்ல உள்வாங்கி, வேகம் கூடி, ரீங்காரமிட்டு மறைகிறது.

கோள்கள் சூரியனைச் சுற்றுவதும், பொருள்கள் கருந்துளையில் வீழ்வதும் இப்படித்தான் என்று இக்கருவியின் அருகே சொல்லப்படுகிறது. வகுப்பறைகளிலும் மேடைகளிலும் இன்னும் ஒரு படி மேலே சென்று, பூமியும் இவ்வாறே சூரியனில் வீழ்ந்துகொண்டிருக்கிறது என்றும், வேதச் சொல் ஒன்றுக்கு இதுவே இயற்பியல் விளக்கம் என்றும் கூறுவோர் உண்டு. இது சிறிய செய்தியன்று. பொருந்தாத விளக்கம் ஒருநாள் முறியும்போது, விளக்கப்பட்ட பொருளின்மீதும் கேட்டவர் மனத்தில் ஐயத்தின் நிழல் விழுகிறது. ஆகவே இந்த நாணயம் எதை மெய்யாகவே காட்டுகிறது, எந்த இடத்தில் இந்த உவமை நின்றுவிடுகிறது என்பதை வரையறுத்துக் கொள்வது நம் கடமையாகிறது.

நேராகச் செல்ல விரும்பும் நாணயம்

நாணயத்தைப் பக்கவாட்டு வேகமின்றிப் புனலின் சரிவில் விட்டால் அது நேரே துளைக்குள் இறங்கிவிடும். சரிவுத் தடம் செய்யும் வேலை, நாணயத்திற்கு விளிம்பை ஒட்டிய வேகம் ஒன்றைத் தருவதுதான். அந்த வேகத்தைப் பெற்ற நாணயம் நேர்க்கோட்டிலேயே செல்ல முற்படுகிறது. சரிந்த சுவரோ அதனை இடைவிடாமல் உள்நோக்கித் தள்ளுகிறது. நேராகச் செல்லும் நாட்டமும் உள்நோக்கிய தள்ளலும் சமன்படும் இடத்தில் பாதை வட்டமாகிறது.

இதனைத் திருப்பூர் வட்டாரத்து வாசகர்கள் எளிதில் உணரலாம். சாயப்பட்டறைகளில் நனைந்த துணியைப் பிழிய ‘ஹைட்ரோ’ என்று சுருக்கமாக வழங்கப்படும் இயந்திரம் உண்டு. துளைகள் நிறைந்த உருளைக் கூடையில் துணியை இட்டு மிகு வேகத்தில் சுழற்றுவார்கள். ஏதோ ஒரு விசை நீரை வெளியே வீசி எறிவதாக நாம் எண்ணுகிறோம். நடப்பது வேறு. கூடையின் சுவர் துணியை உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் நிறுத்துகிறது. துளை இருக்கும் இடத்தில் நீரைத் தள்ளச் சுவர் இல்லை. எனவே நீர் தன் இயல்பின்படி வட்டத்தின் தொடுகோட்டில் நேரே சென்றுவிடுகிறது. புனலில் துளைகள் இல்லை; எங்கும் சுவர் உண்டு; ஆகவே நாணயம் சுற்றுகிறது.

நாணயம் கீழே சாயாமல் நிற்பதற்கும் இதுவே அடிப்படை. பொருட்காட்சிகளில் ‘மரணக் கிணறு’ என்னும் காட்சியில், செங்குத்தான மரச்சுவரில் மோட்டார் சைக்கிள் ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சாய்ந்து ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, விளிம்பில் நிமிர்ந்து உருளும் நாணயம், தொண்டைப் பகுதியை அடையும்போது ஏறக்குறையப் படுத்த நிலையில் சுழல்கிறது. இரண்டும் தாம் ஓடும் பரப்புக்குச் செங்குத்தாகவே நிற்கின்றன. பரப்பின் சாய்வு மாறும்போது அவற்றின் நிலையும் மாறுகிறது.

சரிவின் வடிவே சட்டம்

நாணயம் ஓரிடத்தில் எந்த வேகத்தில் சுற்றும் என்பதை அந்த இடத்தின் சரிவும், மையத்திலிருந்து அதன் தொலைவும் தீர்மானிக்கின்றன. வேகத்தின் வர்க்கம், தொலைவையும் சரிவையும் பெருக்கிய தொகைக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே புனலை எந்த வடிவில் வார்க்கிறோமோ அந்த வடிவுக்குரிய சட்டமே அதன் உள்ளே ஆட்சி செய்யும். மூன்று வடிவங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

முதலாவது, நேர்ப்பக்கக் கூம்பு. பின்னலாலைகளில் நூல் சுற்றிவரும் கோனைத் தலைகீழாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இதில் எங்கும் ஒரே சரிவு. எனவே உள்ளே வர வர வேகம் குறைகிறது. நான்கு மடங்கு தொலைவில் இருக்கும் குண்டு இரண்டு மடங்கு வேகத்தில் செல்லும்.

இரண்டாவது, இழுத்துக் கட்டிய துணி. வட்டச் சட்டத்தில் மீள்துணியை விறைப்பாகக் கட்டி, நடுவில் கனமான குண்டை வைத்து, சுற்றிலும் கோலிக்குண்டுகளை உருட்டி ஈர்ப்பை விளக்குவது உலகெங்கும் ஆசிரியர்களின் வழக்கம். 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, பின்னர் லைக்ரா என்னும் வணிகப் பெயரால் அறியப்பட்ட மீள்நூல் கலந்த பின்னல் துணியே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. திருப்பூருக்கு அன்றாடம் பழக்கமான சரக்குதான் அது. 2002இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் கேரி வைட்டும் மைக்கேல் வாக்கரும் இத்துணியின் வளைவையும் அதன்மேல் உருளும் குண்டுகளின் சுற்றுக்காலத்தையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். சுற்றுக்காலத்தின் கனம் தொலைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பது அதில் தெரியவந்தது. கோள்களுக்கோ சுற்றுக்காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதம் என்று 1619இல் கெப்லர் வெளியிட்டிருந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், துணியின் சட்டம் வானத்தின் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போன்றது! துணியில் குண்டு உள்ளே வர வர வேகம் தணிகிறது. வானத்தில் சூரியனை நெருங்க நெருங்க வேகம் மிகுகிறது. போதாக்குறைக்கு, ஒற்றை ஜெர்சி பின்னல் துணி நீளவாக்கை விட அகலவாக்கில் கூடுதலாக நெகிழும் என்பதைப் பின்னல் தொழிலில் இருப்போர் அறிவர். அதனால் அதன் குழி முழு வட்டமாகவும் அமைவதில்லை.

மூன்றாவது, நம் நாணயப் புனலின் எக்காள வடிவம். இதனைச் செம்மையாக வார்க்கும்போது, மையத்திலிருந்து தொலைவு பாதியானால் சரிவு நான்கு மடங்காகும்படி அமைக்கலாம். 1687இல் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்பு விதியும் இதே கணக்கைத்தான் சொல்கிறது: தொலைவு பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்கு. ஆகவே இப்புனலில் வட்டமாகச் சுற்றும் பொருளுக்குக் கெப்லரின் விதி அப்படியே பொருந்துகிறது. தொலைவு நான்கு மடங்கானால் சுற்றுக்காலம் எட்டு மடங்காகும். நாணயம் வழுக்கிச் செல்லாமல் உருண்டு செல்வதால் எண்களில் ஓரளவு மாற்றம் நேரும்; சாரம் மாறாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள விளிம்பில், பத்துக்கு ஒன்று என்ற மென்மையான சரிவு இருப்பதாகக் கொள்வோம். அங்கே நாணயத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 4 வினாடிகள். மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவுக்கு வந்ததும் சரிவு நூறு மடங்காகிவிடுகிறது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர்; வினாடிக்கு எட்டுச் சுற்றுகள். சுவர் அதனை உள்நோக்கித் தள்ளும் விசை நாணயத்தின் எடையைப் போல் பத்து மடங்கு. கடைசி நேர ரீங்காரத்தின் காரணம் இதுவே.

இழந்து வேகம் பெறுதல்

இனி இக்கருவியின் வியப்பான பகுதிக்கு வருவோம். உராய்வு என்பது வேகத்தைக் குறைப்பது என்றே நாம் படித்திருக்கிறோம். புனலிலும் உராய்வு உண்டு. நாணயத்தின் விளிம்பு பரப்போடு உரசுகிறது, காற்று தடுக்கிறது, ஒலியாகவும் வெப்பமாகவும் ஆற்றல் கசிகிறது. ஆயினும் நாணயத்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இழப்பவன் எவ்வாறு செல்வனாகிறான்?

இதற்கு விடை கணக்குப் புத்தகத்தின் முறையிலேயே சொல்லத்தக்கது. நாணயத்திடம் இரண்டு இருப்புகள் உள்ளன. உயரத்தில் இருப்பதால் வரும் நிலை ஆற்றல் ஒன்று. ஓடுவதால் வரும் இயக்க ஆற்றல் மற்றொன்று. எக்காளப் புனலில் நாணயம் கீழிறங்கும்போது, உயரக் கணக்கிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்தால், அதில் ஒரு ரூபாய் உராய்வுக்குக் கட்டணமாகப் போகிறது; மற்றொரு ரூபாய் வேகக் கணக்கில் வரவாகிறது. மொத்த இருப்பு குறைகிறது. வேகக் கணக்கு மட்டும் வளர்கிறது. உராய்வே இல்லையென்றால் நாணயம் கட்டணமும் கட்டாது, கீழேயும் இறங்காது, விளிம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இவ்விடத்தில் வேறொரு தவறான உவமையையும் விலக்க வேண்டியுள்ளது. சுழல் நாற்காலியில் கைகளை விரித்துச் சுற்றுபவர் கைகளை மடக்கினால் வேகம் கூடுவது போன்றதே இதுவும் என்று சிலர் விளக்குவர். நாற்காலியில் இருப்பவரிடம் கோண உந்தம், அதாவது நிறை, வேகம், தொலைவு ஆகியவற்றின் பெருக்கம், பெரும்பாலும் மாறாமல் இருக்கிறது. நாணயத்திடம் அது மாறாமல் இருந்திருந்தால், தொலைவு பத்தில் ஒன்றாகும்போது வேகம் பத்து மடங்காகியிருக்க வேண்டும். மேற்கண்ட கணக்கில் அது மூன்று மடங்கை அடுத்தே நின்றது. கோண உந்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உராய்வு கொண்டுசென்றுவிட்டது என்பதே இதன் பொருள். நாணயம் உள்ளே இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு அந்த இழப்புதான்.

உவமை பொருந்தும் இடங்கள்

வானத்தில் இப்படி இழந்து, இறங்கி, விரைபவை உண்டா? உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டுச் செயற்கைக்கோள். 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்டோசாட்-2, 680 கிலோ எடையுடையது; ஏறத்தாழ 635 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிப் படம் எடுத்து வந்தது. அந்த உயரத்திலும் வளிமண்டலத்தின் மிக மெல்லிய எச்சம் உண்டு. அதன் உராய்வால் கோள் தானாகவே இறங்கி விழ ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும் என்று கணிக்கப்பட்டது. பணி முடிந்த கோளை அத்தனை காலம் பிற கோள்களுக்கு இடையூறாகச் சுற்றவிடுவதைத் தவிர்க்க, எஞ்சிய எரிபொருளைக் கொண்டு 2020க்குள் அதனை 380 கிலோமீட்டருக்கு இஸ்ரோ இறக்கியது. அதன்பின் காற்றின் உராய்வு தன் வேலையைச் செய்தது. 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலின் மேல் அது வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

635 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதைக்குரிய வேகம் வினாடிக்கு 7.54 கிலோமீட்டர், 380 கிலோமீட்டரில் 7.68. காற்று தடுக்கத் தடுக்கக் கோள் விரைந்தது. புனல் நாணயத்தின் அதே இரண்டு ரூபாய்க் கணக்கு! 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்ணாய்வுக் கூடம் விழப்போகிறது என்று நம் ஊர்கள் அஞ்சிக் கிடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சூரியனின் கொந்தளிப்பால் மேல்வளிமண்டலம் சூடாகி விரிந்து, உராய்வு எதிர்பார்த்ததை விட மிகுந்ததே அது முன்கூட்டி இறங்கியதற்குக் காரணம்.

காற்றே இல்லாத இடத்திலும் ஒரு கட்டணம் வசூலிக்கப்படுகிறது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஒன்றையொன்று 7.75 மணி நேரத்தில் சுற்றும் இரண்டு அடர்த்தியான விண்மீன்களைக் கண்டறிந்தனர். அவற்றின் பாதை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. ஈர்ப்பு அலைகளாக ஆற்றல் வெளியேறுவதே அதற்குக் காரணம் என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டோடு ஒத்துவந்தது. 1993இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய சுருக்கத்தின் இறுதிக் கட்டத்தை 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இரண்டு லைகோ ஆய்வகங்கள் பதிவுசெய்தன. சூரியனைப் போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுடைய இரண்டு கருந்துளைகள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒன்றையொன்று சுற்றி இணைந்தன. வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த அலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்சுக்கு உயர்ந்தது. ஒலியாக மாற்றிக் கேட்டால், புனலின் தொண்டையில் நாணயம் எழுப்பும் உயரும் ரீங்காரத்தின் உறவுக்காரன் அது.

இந்த வரலாற்றில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. கலைக்கப்பட்ட கருந்துளை, தட்டிய மணியைப் போல் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் காட்டியவர் பெங்களூரில் பிறந்த சி.வி. விசுவேசுவரா. லைகோ கூட்டாய்வில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இடம்பெற்றிருந்தனர். மகாராட்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இந்தியாவுக்கென ஓர் ஈர்ப்பு அலை ஆய்வகம் அமைக்க 2023 ஏப்ரலில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஆக, தொழில் பற்றிய உவமையாக இந்த நாணயம் உயர்ந்தது. இழப்பால் இறங்குதல், இறங்குவதால் விரைதல், விரைவால் சுருதி உயர்தல் ஆகிய மூன்றும் நாணயத்துக்கும் வானத்துக்கும் பொதுவானவை.

உவமை முறியும் இடங்கள்

பூமியும் இவ்வாறு சூரியனில் இறங்குகிறதா? இல்லை. இறங்குவதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். பூமியின் வழியில் அதை வசூலிப்போர் இல்லை என்றே சொல்லலாம். கோள்களிடை வெளியின் தடை பொருட்படுத்தத்தக்கதன்று. ஈர்ப்பு அலைகளாகப் பூமி-சூரியன் இணை வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 200 வாட். இரண்டு பழைய நூறு வாட் குண்டு விளக்குகள் எரிக்கும் அளவு! மாறாக, சூரியன் தன் நிறையை இழந்துவருவதால், பூமியின் பாதை ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் விரிகிறது என்று கணக்கிடப்படுகிறது. நிலவோ கடல் ஓதங்களின் விளைவாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிச் செல்கிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களில் லேசர் கதிரைச் செலுத்தி இது அளக்கப்பட்டுள்ளது. புனலில் எந்த நாணயமும் தானாக மேலேறி விளிம்பை நோக்கிச் சென்றதில்லை.

தடையில்லாவிடில் இயக்கம் ஓயாது என்னும் இக்கருத்து நம் மரபுக்குப் புதியதன்று. எறியப்பட்ட பொருளில் ‘மைல்’ என்னும் நாட்டம் தங்குகிறது என்றும், புறத்தடையே அதைத் தேய்க்கிறது என்றும், வெற்றிடத்தில் அது தேயாது என்றும் இப்னு சீனா (980-1037) வாதித்தார். அத்தகைய ஓயா இயக்கம் காணப்படாததால் வெற்றிடம் இல்லை என்ற முடிவுக்கு அவர் சென்றார் என்பது வேறு செய்தி. விண்வெளி ஏறத்தாழ வெற்றிடமே என்று இன்று அறிகிறோம். அவருடைய நிபந்தனை அங்கே நிறைவேறுகிறது.

இரண்டாவது முறிவு பாதையின் வடிவில் உள்ளது. கோளின் பாதை மூடிய நீள்வட்டம். புனலில் சற்றே நீண்ட வட்டமாக உருளும் குண்டின் பாதையோ, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பூவிதழ்போல் விரியும். எந்த வளைவில் வார்த்தாலும், கோள்களின் எல்லா வகை நீள்வட்டங்களையும் அப்படியே தரும் புனல் ஒன்றைச் செய்ய இயலாது என்பது கணித முறையில் நிறுவப்பட்டுள்ளது.

மூன்றாவது முறிவே ஆழமானது. புனலில் நாணயத்தை இறக்குவது எது? அடியிலிருந்து இழுக்கும் பூமியின் ஈர்ப்பு. விண்ணில் மிதக்கும் ஆய்வுக்கூடத்தில் இக்கருவியை வைத்தால் நாணயம் துளையைத் தேடிச் செல்லாது. ஆகவே ‘ஈர்ப்பு என்பது இப்படிப்பட்ட குழிதான்’ என்று இதைக் காட்டிச் சொல்வது, ஈர்ப்பைக் கொண்டே ஈர்ப்பை விளக்குவதாகும். தர்க்க நூலார் ‘தவ்ர்’ என்று கூறும் சுழல்வாதக் குற்றம் அது. ஐன்ஸ்டைன் 1915இல் கூறியது இடத்தின் வளைவை மட்டுமன்று. காலத்தின் வளைவையும் சேர்த்தது. மெதுவாக இயங்கும் பொருள்களுக்கு, கோள்களுக்கும் கூட, ஈர்ப்பின் பெரும்பகுதி காலத்தின் ஓட்டம் இடத்துக்கு இடம் மாறுபடுவதில் அடங்கியுள்ளது. வழிகாட்டும் செயற்கைக்கோள்களான ஜி.பி.எஸ். கோள்களின் கடிகாரங்கள் நம் கடிகாரங்களை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடிகள் முந்துவதால், அந்த வேறுபாட்டைத் திருத்தியே அவை இயக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டைக் காட்ட எந்தப் புனலாலும் எந்தத் துணியாலும் இயலாது. வடிவு பற்றிய உவமையாக இக்கருவி தோற்றுவிடுகிறது.

ஃபலக்கும் நூற்கதிரின் வட்டும்

கோள்களின் வழியைக் குறிக்கும் அரபுச் சொல் ‘ஃபலக்’. திருமறையிலும் வானநூலிலும் இடம்பெறும் இச்சொல்லுக்கு அருகே ‘ஃபல்கா’ என்றொரு சொல்லை அகராதிகள் வைக்கின்றன. இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’ உள்ளிட்ட பேரகராதிகளில் அது நூற்கும் கதிரில் செருகப்படும் வட்டைக் குறிக்கிறது. பருத்தியும் நூலும் வாழ்வாக அமைந்த வட்டாரத்தில் இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. தக்ளியின் அடியில் இருந்து அதன் சுழற்சியை நிலைநிறுத்தும் அந்தச் சிறு வட்டுதான். வானத்தின் சுழற்சிக்கு நூற்பவரின் கருவியையே பழைய அரபுமொழி அருகில் நிறுத்தியிருக்கிறது.

விரிவுரையாளர்கள் இச்சொல்லை விளக்கியபோது பல உவமைகள் எழுந்தன. திரிகையின் நடு இரும்பு என்றனர் சிலர். நூற்கதிரின் வட்டு என்றனர் சிலர். தடுத்து நிறுத்தப்பட்ட அலை என்றனர் வேறு சிலர். இமாம் தபரி (மறைவு 923) தம் விரிவுரையில் இக்கருத்துகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவுசெய்கிறார். பின்னர் அவர் செய்வதே நம் கவனத்திற்குரியது. அரபுமொழியில் சுழலும் எதுவும் ஃபலக் எனப்படும் என்கிறார். இவற்றுள் இன்னதுதான் என்று உறுதிப்படுத்தும் சான்று வேதத்திலோ நபிமொழியிலோ இல்லாததால், சொல்லப்பட்டதைச் சொல்லி, அறிவு எட்டாததில் வாய்மூடி இருப்பதே கடமை என்று முடிக்கிறார். சுழற்சி என்னும் பொதுப்பண்பை மட்டும் ஏற்று, வட்டின் மரத்தையும் திரிகையின் இரும்பையும் வானத்தில் ஏற்றாமல் அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த அடக்கத்தின் பயனை வரலாறு காட்டியது. கோள்கள் பளிங்குக் கோளங்களில் பதிந்து சுழல்கின்றன என்ற கிரேக்க வானநூலின் படத்தைப் பல நூற்றாண்டுகள் அறிஞர் உலகம் ஏற்றிருந்தது. ஃபலக் என்றால் அந்தக் கோளமே என்று எழுதியவர்களும் உண்டு. அக்கோளங்கள் பின்னர் வானநூலிலிருந்து மறைந்தன. சுழற்சி மட்டும் எஞ்சியது. தபரி ஏற்றுக்கொண்டது அந்தச் சுழற்சியைத்தான். ஆகவே அவருடைய கூற்றில் திருத்த வேண்டியது எதுவும் நேரவில்லை.

இன்று பளிங்குக் கோளத்தின் இடத்தில் புனலும் விரித்த துணியும் வந்திருக்கின்றன. அவற்றை விலக்க வேண்டியதில்லை. இழப்பவன் ஏன் விரைகிறான் என்பதை ஒரு மாணவனுக்கு விளக்க, ஐந்து ரூபாய் நாணயத்தையும் எக்காளக் கிண்ணத்தையும் விட எளிய ஆசான் கிடைப்பது அரிது. ஆனால் காட்டும் ஆசிரியர் அதே மூச்சில் இன்னும் மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: பூமி இந்த நாணயத்தைப் போல் இறங்கவில்லை, கோளின் பாதை இந்தப் பாதையன்று, ஈர்ப்பு என்பது இந்தக் குழியன்று. பொதுப்பண்பு எது என்று சொல்லாமல் விட்ட உவமை மாணவனிடம் அரைப் பாடமாகவே போய்ச் சேரும். மறுபாதியை அவன் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வான். பிறகு அதையே அறிவியல் என்றும் மார்க்கம் என்றும் நம்புவான்.